பன்னிரண்டாம் எண் மேசை

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் தலைமை எழுத்தராக இருந்தேன். போன ஆனியில் ஓய்வு பெற்றேன். அத்தனை வருஷத்தில் நான் எழுதிய குறிப்பாணைகளை அடுக்கினால் ஒரு பீரோ நிறையும். பியூன் தாமதமாக வந்தால் குறிப்பாணை, பதிவேட்டில் மை கொட்டினால் குறிப்பாணை. மாணிக்கவாசகம் என்ற என் பெயரைக் கேட்டாலே சங்கத்தில் சிலர் பதிவேட்டை விரித்துவைத்துத் தலையைக் குனிந்துகொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கேள்விப்பட்டு உள்ளூர மகிழ்ந்தும் இருக்கிறேன். அவ்வளவிலும் ஒன்றே ஒன்றைத்தான் நானே என் கையால் கிழித்தேன். அது தட்டச்சர் காந்தாவுக்கு எழுதியது.

காந்தா வேலைக்குச் சேர்ந்தது 1970 தை மாதம். பிள்ளையார்பாளையத்து மருமகள். கணவன் முருகேசன் கூலிக்கு நெய்கிறவன். கல்யாணமான புதிதில் அவளும் மாமியார் வீட்டுத் தறியில் உட்கார்ந்தவள்தான். ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, தமிழ்த் தட்டச்சில் ஹையர் கிரேடும் முடித்திருந்தாள். ஆள் குள்ளம், நாலே முக்கால் அடி இருந்தால் அதிகம். குரலும் சின்னது. ஒன்றைச் சொன்னால் சத்தமாகச் சொல்ல மாட்டாள், இரண்டு தரம் சொல்ல மாட்டாள், சொன்ன இடத்தைவிட்டு நகரவும் மாட்டாள். அந்தக் கடைசிக் குணம் எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் அது எனக்கும் உண்டு.

அவளுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் ஆதிகேசவன், தாமல்காரர், ஆறடி உயரம். சாதாரண மேசையில் முட்டி இடிக்கிறது என்று அவர் ஓயாமல் புலம்பியதால், சங்கத்தில் அவருக்கென்றே உயரமாக ஒரு மேசை செய்து கொடுத்தோம். அவர் ஓய்வு பெற்றுப் போனார். மேசையும் மெஷினும் தங்கிவிட்டன. மேசைக்கு எண் பன்னிரண்டு. சங்கத்தின் எல்லாத் தளவாடங்களுக்கும் எண் போடுவது என் பொறுப்பு. மேலே எழுதினால் கை பட்டு அழிகிறது என்று, வலதுபக்க முன்காலின் அடியில், தரையை ஒட்டி வெள்ளைப் பெயிண்டில் எழுதுவதும் நான் கண்டுபிடித்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

முதல் நாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்தபோது மேசை அவள் மார்பு வரை வந்தது. மெஷினுக்குப் பின்னால் நெற்றிப் பொட்டு மட்டும் தெரிந்தது. பியூன் கலீல் பாய் உள்ளே போய், தலையணை கனத்தில் இருந்த இரண்டு பழைய பதிவேடுகளை எடுத்துவந்து நாற்காலியில் போட்டார். அவள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். கால் இரண்டும் அந்தரத்தில் ஆடின. எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம்.

வேலை தற்காலிகம். இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, நான் பரிந்துரை எழுதினால்தான் நிரந்தரம். எழுதாவிட்டால் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து வேறு பட்டியல் வரும், வேறு ஆள் வரும். முருகேசனுக்கு அப்போதெல்லாம் தறியில் ஏற்றிய ஒரு பாவு நூல் முடிந்தால் அடுத்த பாவு கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் அந்த வீட்டு அடுப்பு இவள் சம்பளத்தில்தான் எரிந்தது. உத்தரவில் உள்ள தற்காலிகம் என்ற வார்த்தை போக வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

எங்கள் சங்கத்தில் எந்தக் கடிதம் போனாலும் நாலு நகல். மேலே ஒரு தாள், கீழே கார்பன் வைத்து மூன்று. நாலாவது நகலில் எழுத்து விழ வேண்டுமென்றால் ஓங்கித் தட்ட வேண்டும். அவள் தோளைத் தூக்கி, முழங்கையைப் பக்கவாட்டில் விரித்து, மணிக்கட்டை மடக்கித் தட்டுவாள். காகிதம் இடது பக்கம் மேசையில் படுத்துக் கிடக்கும். அதைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பிக் குனிவாள். ஒரு வருஷம் போனதும் வலது மணிக்கட்டில் வலி ஆரம்பித்தது. பிறகு முன்கைக்கு ஏறியது, தோளுக்கு ஏறியது. காலையில் எழுந்தால் விரல்கள் மரத்துக் கிடக்கும், சுடுதண்ணீரில் வைத்தால்தான் மடங்கும் என்று கலீல் பாயிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. சொல்லும்படி நான் இருக்கவில்லை.

கை வலித்தால் பிழை வரும். வந்தது. ஒரே பக்கத்தில் பத்தொன்பது இடத்தில் நான் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். நாலு நகலிலும் அழித்துத் திருத்த வேண்டும் என்பதால் ஒரு கடிதத்துக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அலுவலகத்தில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பெரும்பாலோர் சொன்னது, தறி பிடித்த கை மெஷினுக்கு வணங்காது, நெசவில் அச்சை ஓங்கி அடிப்பதுபோல் எழுத்தையும் ஓங்கி அடிக்கிறாள் என்பது. அதை முதலில் சொன்னவன் நான்தான். நானும் பிள்ளையார்பாளையத்தில் தறிக்கார வீட்டில் பிறந்தவன். பதினாறு வயதுவரை தறிக்குழியில் கால் விட்டு நெய்தவன். தறியில் பாவு ஏற்றிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, படித்துத் தேறி, நாற்காலிக்கு வந்தேன். அதனால் தறி மேல் எனக்கு ஒரு இளக்காரம் இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் இருந்ததைச் சொல்ல வேண்டும்.

1971 ஆடியில் முதல் குறிப்பாணை கொடுத்தேன். பிழைகள் குறையாவிட்டால் பணி நிரந்தரத்துக்குப் பரிந்துரைக்க இயலாது என்று எழுதியிருந்தேன். அவள் வாங்கி மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டாள். நொச்சி இலை ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள், எண்ணெய் தேய்த்துப் பார்த்தாள், மணிக்கட்டில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு மாதம் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னாராம். தற்காலிகத்துக்கு ஒரு மாத விடுப்பு ஏது?

அதற்குப் பிறகு நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள், ரொம்ப நாள் கழித்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை முருகேசன் திருப்புட்குழியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். செவ்வாய்க்கிழமை சேலை அறுத்துக் கொடுத்தாக வேண்டும். தறி சும்மா இருந்தது. கை வலிக்கும் என்று பயந்துகொண்டேதான் இவள் குழியில் இறங்கி உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் நெய்தாள். வலிக்கவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் நெய்தாள். அதே கை, அதே விரல். பிறகுதான் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை வைத்துவிட்டுத் தன்னையே பார்த்தாளாம். பாதம் இரண்டும் மிதிப்பலகையில் நன்றாகப் பதிந்திருந்தன. முழங்கை இடுப்போடு இருந்தது. மணிக்கட்டு மடங்காமல் நேராகத் துணிமேல் நீண்டிருந்தது. பூவேலையின் படம் கண்ணுக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் குழிக்கும் ஒரு கதை உண்டு. அவள் மாமியார் உயரமான மனுஷி. குழி அவருக்காக வெட்டியது. இவள் மருமகளாக வந்து தறியில் உட்கார வேண்டும் என்றபோது, மாமனார் முதல் வேலையாக இவளை உட்காரவைத்துக் கால் அளவெடுத்து, குழியில் ஒரு சாண் மண்ணைக் கொட்டிக் கெட்டித்தார். பிறகுதான் நாடாவைக் கையில் கொடுத்தார். பிள்ளையார்பாளையத்தில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆளுக்குத் தக்க குழி என்பது சோற்றுக்கு உப்பு மாதிரி, யாரும் அதைப் பற்றிப் பேசக்கூட மாட்டார்கள்.

காந்தா கழிவு நூலில் இரண்டு முழத்துக்கு மேல் எடுத்து முறுக்கினாள். தறியில் உட்கார்ந்தபடியே தன்னை அளந்து மூன்று முடிச்சுப் போட்டாள். பாதத்திலிருந்து முட்டிக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. திங்கட்கிழமை அந்த நூலை டிபன் பையில் போட்டுக்கொண்டு வந்து, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் பன்னிரண்டாம் எண் மேசையோடு வைத்துப் பார்த்தாள். முழங்கை முடிச்சுக்கு மேல் மேசை நாலு விரற்கடை நின்றது. அதன்மேல் மெஷின் வேறு.

அன்று சாயங்காலம் என் முன்னால் வந்து நின்றாள்.

"சார், வலி கையிலே இல்ல சார். மேசையிலே இருக்குது."

மேசைக்கு வலிக்கிறதா என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நூலைக் காட்டி, குட்டையாக வேறு மேசை கொடுக்கச் சொன்னாள், இல்லையென்றால் இதையே குறைத்துத் தரச் சொன்னாள். எழுதிக் கொடு என்றேன். மறுநாள் எழுதிக் கொடுத்தாள். கையெழுத்து நடுங்கியிருந்தது. அதன் ஓரத்தில், 'தளவாட ஒதுக்கீடு இல்லை. சங்கத்தின் உடைமையில் மாற்றம் செய்ய விதி இல்லை' என்று எழுதித் திருப்பினேன்.

விதி இல்லை என்பது உண்மைதான். ஆனால் காரணம் அது இல்லை. நான் குழியிலிருந்து ஏறி மேசைக்கு வந்தவன். ஒரு மேசையைத் தறி உயரத்துக்குக் குறைப்பது என்றால் எனக்கு என்னவோ என்னையே பிடித்துக் கீழே இறக்குவது போல இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குச் சங்கத்தில் மேசை நாற்காலி எல்லாவற்றையும் பின்கட்டுக்குத் தூக்கிப் போய்க் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து மறுபடி கொண்டுவந்து போடுவது வழக்கம். விற்பனைக் கூடத்தில் வாடிக்கையாளர் பார்ப்பதற்காக ஒரு தறி பூட்டி வைத்திருந்தோம். அதைச் சரிபார்க்க வருஷா வருஷம் அன்றுதான் தறி ஆசாரி கண்ணாயிரம் வருவார். நான் முன்கூடத்தில் பூஜைக்குப் பொரி கடலை பங்கிடுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு கைப்பிடி கூடக்குறையப் போய்விடக் கூடாதே என்று. அதே நேரம் பின்கட்டில் கண்ணாயிரம் ரம்பத்தை எடுத்தார். காந்தா கேட்டுக்கொண்டதும் அவர் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். நூலை வாங்கி முடிச்சைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், "ஆளப் பாக்காம எவம்மா இத பூட்னது?" என்று மட்டும் கேட்டார். நாலு காலிலும் நாலு விரற்கடை அறுத்தார். அறுத்த துண்டுகளை வீசவில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மர முளை வைத்து, காலின் அடியில் அதற்கேற்ற துளை போட்டார். நாளைக்கே உயரமான ஆள் வந்தால் துண்டுகளைத் திரும்பச் செருகிக்கொள்ளலாம். வெட்டு வாய் தெரியாமல் சந்தனத்தைப் பூசி, மேசை உள்ளே வந்துவிட்டது. சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து நாற்காலியில் பதிவேடுகள் இல்லை. பழைய மிதிப்பலகை ஒன்று அவள் காலுக்கடியில் வந்தது. மெஷினுக்குப் பின்னால் சுவரில் இரண்டு ஆணி, ஆணிக்கு நடுவே ஒரு கயிறு, கயிற்றில் நகலெடுக்க வேண்டிய தாள் அவள் கண்ணுக்கு நேரே தொங்கியது. ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து நிற்பாள், கையை உதறுவாள், விரலை மடக்கி விரிப்பாள், ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் பார்ப்பாள், மறுபடி உட்காருவாள். இதென்ன ஆபீசா, கைத்தொழில் கண்காட்சியா என்று இரண்டு தரம் கேட்டேன். ஆனால் கடிதங்கள் சீக்கிரம் வந்தன. வட்டங்கள் பத்தாயின, நாலாயின, ஒரு நாள் பென்சிலையே எடுக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு ஒரே பூரிப்பு. என் குறிப்பாணை வேலை செய்திருக்கிறது என்று வீட்டில் மனைவி மணியம்மாளிடம் சொல்லிக்கூடப் பெருமைப்பட்டேன்.

கார்த்திகையில் தளவாட இருப்புச் சரிபார்ப்பு. பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு காலாகக் குனிந்து எண் பார்த்துக்கொண்டு வந்தேன். பன்னிரண்டாம் எண் மேசையைக் காணோம். அதற்குப் பதிலாக எண்ணே இல்லாத மேசை ஒன்று கூடுதலாக இருந்தது. இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன், கலீல் பாயை விட்டு மாடியில் தேடச் சொன்னேன். கலீல் பாய் மாடிக்குப் போவதுபோல் போய்ப் படியிலேயே நின்றுவிட்டார். அப்போது காந்தா எழுந்து தன் இழுப்பறையைத் திறந்து, ஒரு துணி மூட்டையை எடுத்து என் முன்னால் அவிழ்த்தாள். நாலு மரத்துண்டுகள். ஒன்றில் வெள்ளைப் பெயிண்டில் பன்னிரண்டு என்று இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. விதியில்லை என்று நான் எழுதிக் கொடுத்த பிறகும், என் கண் முன்னால், நான் பொரி எண்ணிக்கொண்டிருந்தபோது. அன்றே இருப்பு அறிக்கையில் எழுதித் தனி அலுவலருக்கு அனுப்பினேன். எங்கள் சங்கத்துக்கு அப்போது நிர்வாகக் குழு இல்லை. அரசு நியமித்த தனி அலுவலர்தான் எல்லாம். செங்கல்பட்டுப் பக்கத்து மனிதர், அதிகம் பேசாதவர். குற்றச்சாட்டை முறையாக எழுதி வையுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

மூன்று பக்கம் எழுதினேன். அனுமதியின்றிச் சங்க உடைமையைச் சேதப்படுத்தியது முதல் குற்றம். மேலதிகாரியின் உத்தரவை மீறியது இரண்டாவது. கோபம் அடங்கவில்லை, மூன்றாவதாக, தட்டச்சில் பிழைகள் மிகுதி, வேகம் குறைவு, கைகள் இப்பணிக்குத் தகுதியற்றவை என்றும் சேர்த்தேன். ஆகவே நிரந்தரத்துக்குப் பரிந்துரைக்க இயலவில்லை என்று முடித்தேன். எழுதி முடித்தபோது வழக்கம்போல் என் பின்கழுத்து கல்லாகிக் கிடந்தது. பதினைந்து வருஷமாக எனக்கு அந்த வலி உண்டு. என் மேசை ஏதோ பள்ளிக்கூடத்திலிருந்து வந்த குட்டை மேசை, நான் நெட்டை. ஆனால் அது வேலைப் பளுவால் வருகிற வலி என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

நாலு நகல் வேண்டும். அந்தக் கழுத்தோடு இன்னும் மூன்று தரம் கையால் எழுத என்னால் ஆகாது. சங்கத்தில் தட்டச்சர் ஒரே ஆள். வேறு வழியில்லாமல் அவளைக் குற்றம் சாட்டும் தாளை அவளிடமே கொடுத்தேன்.

வாங்கி நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். மூன்றாவது பக்கத்தில் அவள் கண் ஒரு இடத்தில் நின்றது. பிறகு போய், தாளைக் கயிற்றில் மாட்டி, கார்பன் வைத்து உருட்டி, உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். மெஷின் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது, நல்ல கை ஓட்டும் தறிச் சத்தம் போல. முதல் பக்கம் முடிந்ததும் எழுந்தாள், கையை உதறினாள், விரலை மடக்கி விரித்தாள், ஜன்னலைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். இரண்டாவது பக்கம் முடிந்ததும் அப்படியே. தன் வேலை போகப்போகிற தாளைத் தட்டும்போதும் அந்த ஒழுங்கை அவள் விடவில்லை.

கொண்டுவந்து வைத்தாள். நான் சிவப்புப் பென்சிலை எடுத்தேன். முதல் பக்கத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதை மெதுவாக, எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். 'தட்டச்சில் பிழைகள் மிகுதி' என்ற வரியில்கூடப் பிழை இல்லை. நாலாவது நகலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்திருந்தது.

"எத்தனை தாள் வீணாச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வீணாவல சார்."

நம்பாமல் எழுந்துபோய்க் குப்பைக் கூடையைப் பார்த்தேன். கலீல் பாய் காலையில் காலி செய்தது அப்படியே காலியாக இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். பென்சில் கையிலேயே இருந்தது. வெகு நாளாக நினைக்காத ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. எனக்கு ஆறேழு வயதிருக்கும். அப்பாவுக்கு முதுகில் கட்டி வந்து படுத்துவிட்டார்; அம்மா அவர் தறியில் உட்கார வேண்டியிருந்தது. அப்பா அந்த நிலையிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். அம்மாவைக் குழியில் உட்காரச் சொல்லிக் காலைப் பார்த்தார். என்னையும் அண்ணனையும் மண் கொண்டுவரச் சொல்லி, குழியை மேடாக்கிய பிறகுதான் போய்ப் படுத்தார். இரண்டு கூடை மண் நான் சுமந்தேன். அந்த நான்தான் இந்தப் பெண்ணை இன்னொருவன் மேசையில் இரண்டு வருஷம் உட்காரவைத்து, கை சரியில்லை என்று எழுதியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. ஆபீஸ் என்பதால் மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

தனி அலுவலர் கூப்பிட்டனுப்பினார். மூன்று பக்கத்தையும் நாலு நகலோடு எடுத்துக்கொண்டு போனேன். காந்தாவையும் வரச் சொல்லியிருந்தார். அவர் நிதானமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார். பிழை மிகுதி என்று எழுதியிருக்கிறீர்களே, இதைத் தட்டியது யார் என்று கேட்டார். இவள்தான் என்றேன். எந்த மேசையில் என்று கேட்டார். அறுத்த மேசையில் என்றேன். அவர் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்து இன்னும் போடவில்லையே என்று மட்டும் சொன்னார்.

அங்கே நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் என் வாழ்க்கையில் ஆபீசில் வீட்டுப் பேச்சு பேசியது அந்த ஒரு தரம்தான்.

"சார், எங்கம்மா தறியிலே ஒக்கார வந்தப்போ எங்கப்பா மொதல்ல குழியத்தான் அளந்தாரு. இந்தப் பொண்ணு வந்த அன்னிக்கு நான் அத செஞ்சிருக்கணும். செய்யல. இவ கையில ஒரு கொறையும் கெடையாது."

நாலு நகலையும் அவர் முன்னாலேயே கிழித்தேன். காந்தா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேசையை மட்டும் பதிவேட்டில் எப்படிக் காட்டுவது என்று தனி அலுவலர் கேட்டார். அது அவர் தொழில். நானே எழுதினேன்: 'மேசை எண் 12 - பணியாளர் அளவுக்கு உயரம் குறைக்கப்பட்டது. மரத்துண்டு நான்கு, இருப்பு.' தை மாதம் அவள் நிரந்தரமானாள். அந்த உத்தரவையும் அவள்தான் தட்டினாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்குக் கௌரவமாக இருந்திருக்கும்.

பங்குனியில் ஒரு நாள் காலை வந்து உட்கார்ந்தால் என் மேசை என்னவோ போல் இருந்தது. குனிந்து பார்த்தேன். நாலு காலுக்கும் அடியில் அந்த நாலு துண்டுகள், முளை செருகி, அசையாமல். முந்தின நாள் நான் வாலாஜாபாத் போயிருந்தபோது கண்ணாயிரம் வந்திருக்கிறார். ஒரு துண்டில் பன்னிரண்டு என்று என் கையால் எழுதிய எண். பழக்கதோஷத்தில் குரலை உயர்த்திக் காந்தாவைக் கூப்பிட்டேன்.

"மூணு மாசமா பாத்துக்கினு இருக்கேன் சார்," என்றாள். "எழுதறப்போ ஒங்க கழுத்து மேசைக்குள்ள போவுது. ஒங்கள நூல வெச்சு அளக்க முடியாதுன்னு கண்ணாலயே அளந்தேன். சரியா இருக்குதான்னு ஒக்காந்து பாருங்க."

உடைமை, விதி, அனுமதி என்று மூன்று வார்த்தை நாக்கு நுனிவரை வந்தன. உட்கார்ந்து பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கழுத்து வலிக்கவில்லை. மறுநாளும் வலிக்கவில்லை. ஒரு மாதத்தில் பதினைந்து வருஷ வலி போன இடம் தெரியவில்லை. அவளிடம் நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. ஆறு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் சொல்லவில்லை. இதை அவள் படித்தால், தெரிந்துகொள்ளட்டும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம் கடைசித் தணிக்கை. வந்தவர் புது ஆள், என்னைவிடக் கறாரானவர், ஆள் குள்ளம். பதிவேட்டில் விரலை வைத்து, மரத்துண்டு நான்கு இருப்பு என்று இருக்கிறதே, எங்கே என்று கேட்டார். நான் எழுந்து நின்று என் மேசைக் காலைக் காட்டினேன். குனிந்து பார்த்து எண்ணிக்கொண்டார். பிறகு என் நாற்காலியிலேயே உட்கார்ந்து, பதிவேட்டை விரித்து, தோளைத் தூக்கி, முழங்கையை விரித்து, மணிக்கட்டை மடக்கிக் கையெழுத்துப் போடத் தொடங்கினார்.

மெஷின் சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். காந்தா டிபன் பையிலிருந்து நூலை எடுத்துக்கொண்டிருந்தாள்.